வீடு விட்டாச்சு

நான் பேய்க் கதை எழுதுகிறவள். புதிதாக அறிமுகமாகிறவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீங்க நெஜமாவே பாத்திருக்கீங்களா?" என்று கேட்பார்கள். பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அன்றோடு எழுத்தை விட்டிருப்பேன். எனக்குப் பயம் ஜாஸ்தி.

என் கதைகளில் பேய் சும்மா வராது. கொலுசு போட்டுக்கொண்டு புளியமரத்தில் ஆடுகிற பேயை நான் எழுதியதே இல்லை. பேப்பரில் ஒரு செய்தி படிப்பேன், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் ஏதாவது நடக்கும். அது ரெண்டு நாள் மண்டையை விட்டுப் போகாது. அதற்கப்புறம்தான் பேய் வரும். சாக்கடைக் குழிக்குள் இறக்கிவிடப்பட்டுச் செத்துப்போனவர் ஒரு கதையில் வருவார். அந்தத் தெருவில் யார் வாஷ்பேசின் குழாயைத் திறந்தாலும், "கயிறு போடுங்க சார்" என்று மரியாதையாகக் கேட்பார். இன்னொரு கதையில், வரதட்சணையாக வந்த பைக், மருமகள் செத்த பிறகு, எந்தப் பக்கம் ஓட்டினாலும் அவள் பிறந்த வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

இந்தக் கதைகளைப் போட ஆள் தேடி நான் பட்ட பாடு தனி. இலக்கியப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார். "கதை பிரமாதம்மா. அந்தப் பேய மட்டும் எடுத்துட்டீங்கன்னா அடுத்த மாசமே போட்டுடலாம்." அதே கதையைப் பேய்க் கதைகளுக்கென்றே இருக்கிற ஒரு ஆப்புக்கு அனுப்பினேன். அங்கிருந்து ஒரு பையன் பேசினான். "சூப்பர் மேடம். அந்த சாதி மேட்டர மட்டும் தூக்கிட்டா உடனே போட்டுடலாம்." ரெண்டு பேர் பேச்சையும் கேட்டிருந்தால் கதையில் என் புனைபெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

புனைபெயர் ஓர் ஆண் பெயர். அதற்கும் காரணம் உண்டு. என் கல்யாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்கு ஒரு பைக் கொடுத்தார்கள். அதுவும் சிவப்பு, கதையில் வருகிற பைக்கும் சிவப்பு. பெண்ணாடத்தில் இருக்கிற என் மாமியார் அதைப் படித்தால் நானும் பைக் மாதிரி பிறந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே நான் எழுதுவது என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. "காலையில மோட்டார் விக்கிறவன்யா நானு. ராத்திரி தூக்கம் வேணும்" என்பார். சிதம்பரத்தில் விவசாய பம்ப்செட் விற்கிற கடை ஒன்றில் அவர் மேனேஜர். எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். தினமும் காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறினால் கடலூர் போகிற வரைக்கும் செல்போனில் தட்டுவேன். பஸ் சீட்டுதான் என் எழுத்து மேஜை. ஒருமுறை பக்கத்து சீட்டு அம்மா என் தோள் வழியாகவே படித்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய புதுச்சத்திரத்தை விட்டுவிட்டார். கண்டக்டர் சத்தம் போட்டார். அந்த அம்மா அவரைச் சட்டை செய்யாமல் என்னிடம், "அப்புறம் அந்தப் பைக்கு என்னா பண்ணுச்சு?" என்று கேட்டார். எனக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில் நல்லது அதுதான்.

கொரோனா எல்லாம் அடங்கிய பிறகு சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு பிடித்தோம். கீழ்வீட்டில் ஒரு பாதி எங்களுக்கு. மறு பாதியில் ஹவுஸ் ஓனரம்மா தனியாக இருந்தார். கணவர் காலமாகிவிட்டார், மகன் அமெரிக்காவில். ஓனரம்மா அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். நெற்றி நிறைய விபூதி, கையில் எந்நேரமும் செல்போன், குரலில் இன்னும் ஆபீஸ் அதிகாரம். வீடு கேட்டுப் போன அன்று எங்களை நிற்க வைத்தே விசாரித்தார்.

"சொந்த ஊரு?"

"கம்மாபுரம் பக்கம்மா" என்றேன்.

"கம்மாபுரம் பக்கம்னா? எந்த ஊரு?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். ஓனரம்மாவின் முகம் தெளிந்தது. "உள்ள வாங்க, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு காபி கொண்டுவந்தார். காபி நன்றாகத்தான் இருந்தது. தெருப் பெயருக்காக வந்த காபி என்பது தெரிந்தும் குடித்தேன்.

மாடி காலியாக இருந்தது. கேட்டில் ஒரு போர்டு தொங்கியது. பெயின்டர் அவசரத்தில் ஓர் எழுத்தை முழுங்கிவிட்டதால் அதில் 'வீடு வாடைக்கு' என்று இருந்தது. மீன் வாடையே ஆகாத அந்த அம்மாவின் வாசலில் அப்படி ஒரு போர்டு. நானும் சொல்லவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

நாங்கள் போன பிறகு மாடிக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். எல்லோருக்கும் அதே கேள்விகள்தான். சொந்த ஊரு, தெரு, சாப்பாடு, கல்யாணம். பதில் பிடிக்காவிட்டால் ஓனரம்மா கோபப்பட மாட்டார். ரொம்ப வருத்தமான முகத்தோடு, "அடடா, ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? நேத்துதான் வீடு விட்டாச்சு" என்பார். காலேஜில் பாடம் நடத்துகிற ஒருவர் மனைவியோடு வந்தார். படிப்பைக் கேட்டதும் ஓனரம்மாவுக்கு வாயெல்லாம் பல். ஊரைக் கேட்டார், சொன்னார். தெருவைக் கேட்டார். அவர் ஒரு நிமிஷம் ஓனரம்மாவையே பார்த்துவிட்டு, நிதானமாகத் தெருப் பெயரைச் சொன்னார். "அடடா" என்றார் ஓனரம்மா. அவர் மனைவி அந்த அடடாவுக்கு முன்னாலேயே செருப்பை மாட்ட ஆரம்பித்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். துப்பட்டாவைத் தலையில் சுற்றிப் பின் குத்தியிருந்தாள். பரங்கிப்பேட்டைக்காரி. சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கணவர் ஷார்ஜாவில். அம்மாவுக்கு இதயத்தில் கோளாறு, அடிக்கடி டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு தேடிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஓனரம்மா அவளிடம் ஊர்கூடக் கேட்கவில்லை. "அடடா" என்றார்.

அந்தப் பெண் கேட்டில் தொங்கிய போர்டைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் கீரைக்கட்டைப் பார்த்தேன்.

"வாடைக்குன்னு போட்டிருக்கே, அதான் நமக்குக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள். கீரைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு ரெண்டு நாள் அந்தப் பேச்சு மண்டையை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பேய் வந்துவிட்டது.

கதை இதுதான். சிதம்பரத்தில் ஒரு வீட்டுக்காரம்மா. பிடிக்காதவர்கள் வந்தால், "வீடு விட்டாச்சு" என்று பொய் சொல்லி அனுப்புவார். வீடு தேடி அலைந்து அலைந்தே செத்துப்போன, பச்சைத் துப்பட்டா போட்ட ஒரு பெண்ணிடமும் அதையே சொல்கிறார். அன்று மத்தியானம் காலி மாடியில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. அடுத்த வாரம் வேறொருவரிடம் அதே பொய். மாடியில் இன்னொரு ஜோடிக் கால்கள் நடக்கின்றன. சொல்லச் சொல்ல ஒவ்வொரு குடும்பமாகக் குடியேறுகிறது. குழந்தை அழுகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, மீன் வறுபடுகிற வாடை இறங்குகிறது. மேலே போய்ப் பார்த்தால் வெறும் தரை. கடைசியில் மாடியில் இடம் போதாமல் ஒவ்வொருவராகப் படி இறங்கி வர ஆரம்பிக்கிறார்கள்.

பச்சை கேட்டை நீலமாக்கினேன். முருங்கை மரத்தை வேம்பாக்கினேன். 'வாடைக்கு' போர்டை மட்டும் விட மனசு வரவில்லை. எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு பேராசை உண்டு.

ஆப்காரர்கள் போட்டார்கள். "எல்லாச் சாதியும் மதமும் வருது மேடம், ஆனா பேரு எதுவும் வரல, சேஃப்" என்றான் அந்தப் பையன். பத்து நாளில் ஒரு யூடியூப் சேனல்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்து, கட்டைக் குரலில் படித்து, நடுநடுவே நரி ஊளையிட வைத்து ஏற்றிவிட்டார். படத்தில் நான்கு கோபுரம், ஒரு சிவந்த கண். 'சிதம்பரம் வாடகை வீட்டில் நடந்த உண்மைச் சம்பவம். இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்' என்று தலைப்பு.

எனக்கு இது தெரிந்ததே லேபில்தான். ஒரு பெரியவர் கையில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்கிற பெண் பக்கத்து மேஜையிலிருந்து, "அக்கா, உங்க ஊர்ல ஒரு பேய் வூடு இருக்காமே, தெரியுமா?" என்று ஆரம்பித்து, என் கதையை எனக்கே சொன்னாள். நான் எழுதாத ஒரு தலையில்லாத குழந்தையும் அதில் புதிதாகச் சேர்ந்திருந்தது.

"அப்புடி எல்லாம் இருக்காது" என்றேன்.

"யாரு சொன்னது இருக்காதுன்னு?" என்றார் கையில் ஊசியோடிருந்த பெரியவர். "எங்க மச்சான் அந்த வூட்டப் பாத்துட்டே வந்துட்டாரு. வாசல்ல நின்னாலே மீன் கொழம்பு வாடை அடிக்குதாம்." சொல்லச் சொல்ல அவருக்கே வியர்த்துவிட்டது. கட்டிலில் படுக்க வைத்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம்.

'வாடைக்கு' போர்டு இந்த ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகவில்லை. நான் மாற்றிய நீல கேட்டையும் வேப்ப மரத்தையும் யாரும் லட்சியம் செய்யவில்லை. சந்துக்குள் புது முகங்களாக வர ஆரம்பித்தன. போர்டு பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஒரு குடும்பம் தில்லைக்காளி கோயிலுக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்து, கேட்டுக்கு வெளியிலிருந்தே மாடியைப் பார்த்துக் கும்பிட்டது. ஓனரம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர்களுடைய குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ வீடியோவைப் போட்ட அன்றுதான் புரிந்தது. அதை முழுக்கப் பார்த்துவிட்டு என் வாசலுக்கு வந்தார்.

"பாத்தியாம்மா? எவனோ ஒருத்தன் எழுதியிருக்கான். ஆம்பளப் பேரு போட்டிருக்கு. நம்ம வீட்டையே நோட்டம் விட்டிருக்கான்."

"அப்புடியாம்மா?" என்றேன். உள்ளே என் கணவர் சோற்றுத் தட்டோடு சமையலறைக்குள் போய்விட்டார்.

"நான் என்னா அவ்வளவு மோசமாவா இருக்கேன்? ஒரு எடத்துல, 'அவர் வருத்தப்படுவது போலவே வருத்தப்படுவார்'னு எழுதியிருக்கான். எவ்வளவு கொழுப்பு பாரு."

அந்த வரியை எழுத எனக்குப் புதுச்சத்திரத்திலிருந்து பெரியபட்டு வரைக்கும் பிடித்தது. சொல்ல முடியவில்லை.

ஓனரம்மா போர்டைக் கழற்றிவிட்டு, எழுத்துப் பிழை இல்லாத புதுப் போர்டு மாட்டினார். ஆனாலும் விஷயம் தெரிந்தவர்கள் யாரும் மாடிக்கு வரவில்லை. அவர் விரும்புகிற மாதிரி ஆட்கள், சரியான ஊர், சரியான தெரு, வெங்காயம்கூடச் சேர்க்காதவர்கள், தெருமுனை வரைக்கும் வந்து அடையாளம் தெரிந்துகொண்டு திரும்பிப் போனார்கள். ஒருவர் அட்வான்ஸ் பேச வந்தவர், மேலே பல்லி கத்தியதைக் கேட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டைப் பற்றிக் கேள்விப்படாத வெளியூர்க்காரர்கள் மட்டும் வந்தார்கள். அப்போதுதான் நான் அந்த மாற்றத்தைக் கவனித்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து மாடி கேட்டார். போலீஸுக்கும் வக்கீலுக்கும் ஓனரம்மா வீடு கொடுப்பதில்லை. "அடடா, நேத்துதான் வீடு..." என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். கண் மாடியைப் பார்த்தது. முகம் வெளுத்துவிட்டது.

"வீடு?" என்றார் போலீஸ்காரர்.

"வீடு காலியாத்தான் இருக்கு" என்றார் ஓனரம்மா வேகமாக.

"அப்ப பாக்கலாமா?"

"பாக்க வேணாம்."

"ஏன்?"

இத்தனை வருஷமும் ஒரு பொய்யை வைத்தே ஓட்டிவிட்டதால் உண்மையைச் சொல்ல ஓனரம்மாவுக்கு வார்த்தையே இல்லாமல் போயிருந்தது. கடைசியில், "எனக்குத் தலை சுத்துது" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் தலை சுற்றல்தான். அவருக்கு பிபி ஜாஸ்தியாகிவிட்டது என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். பேய்க்குப் பயந்து பொய்யை விட்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இதற்கிடையில் என் கணவருக்கு வந்தது சோதனை. ஒரு ஞாயிறு மத்தியானம், கடை முதலாளி வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வெள்ளை வேட்டி, வெள்ளை பனியன். முகத்துக்குப் பவுடர் போடுகிற விஷயத்தில் அவர் தாராளமானவர். சட்டை இன்னும் போடவில்லை. ஓனரம்மா ஓடி வந்தார்.

"தம்பி, மேல யாரோ நடக்குறாங்க. நெஜமாவே நடக்குறாங்க. ரெண்டு பேரு."

நாங்களும் கேட்டோம். தட், தட் என்று சத்தம். என் கணவர் என் காதில், "உன்னோட பேயிதான, நீயே போய்ப் பாரு" என்றார். நான் எழுதத்தான் செய்வேன் என்று சொல்லி அவரைப் பிடித்துத் தள்ளினேன். மூலையிலிருந்த ஒட்டடைக் கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முருகா முருகா என்று படி ஏறினார். மேல் கதவைத் திறந்தார்.

உள்ளே இரண்டு இளவட்டப் பையன்கள். பக்கத்து மாடியிலிருந்து தாவி வந்து, செல்போனைக் குச்சியில் மாட்டிப் பேயைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்ததும் அவர்கள் கண்டது, வெள்ளை வெளேரென்ற முகமும் வெள்ளை வேட்டியும் கையில் உயரமான ஏதோ ஓர் ஆயுதமுமாக ஓர் உருவம். அவர்கள் கத்தினார்கள். அவர்கள் கத்தியதைக் கேட்டு இவரும் கத்தினார். கீழே நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினோம். பையன்கள் வந்த வழியே தாவி ஓடிவிட்டார்கள்.

சாயங்காலம் வீடியோ வந்துவிட்டது. 'நேரில் சிக்கிய சிதம்பரம் பேய்.' பதினைந்து விநாடிதான். அதைக் கேட்காத ஊரில்லை, பார்க்காத ஆளில்லை. வீடியோவுக்குக் கீழே ஒருவர், 'இந்தப் பேய்கிட்டதான் போன மாசம் போர்வெல் மோட்டார் வாங்கினேன்' என்று எழுதியிருந்தார். மறுநாள் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மோட்டார் வாங்க வரவில்லை. பெண்ணாடத்திலிருந்து மாமியார் போன் செய்தார். மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. "அந்தப் பனியன் கிழிஞ்சிருக்கே, நீ பாக்குறதில்லியா?" என்று என்னைக் கேட்டார்.

ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்த கணவர் பிறகு வாயைத் திறந்து, "அடுத்த கதையில பேய்க்குச் சட்ட போட்டு வுடு" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பரங்கிப்பேட்டைப் பெண் மறுபடி வந்தாள். ஓனரம்மா கேட்டில் நின்று பூக்காரியிடம் முழம் பேசிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, "வீடு இன்னும் காலியாத்தான் இருக்காம்மா?" என்றாள்.

ஓனரம்மா வாயைத் திறந்தார். மூடினார். மாடியைப் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார். அந்தப் பெண் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பழக்கதோஷம்.

"தலை சுத்துதாம்மா?"

"இல்ல" என்றார் ஓனரம்மா பரிதாபமாக. அந்தப் பொய்யையும் அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்ப வீடு?"

"காலியாத்தான் இருக்கு." ஓனரம்மா மூச்சை இழுத்து விட்டார். "இத பாரும்மா, நான் ஒளிச்சிப் பேசல. நீங்க மீனெல்லாம் சமைப்பீங்கல்ல?"

"சமைப்போம்மா. பரங்கிப்பேட்டையில பொறந்துட்டு மீன் சமைக்காம எப்புடி?"

"எனக்கு அந்த வாடை ஆகாது."

"ஜன்னல சாத்திக்கிட்டு சமைக்கிறோம். அடுப்புக்கு மேல ஃபேன் ஒண்ணு நாங்களே போட்டுக்குறோம்."

"மாடியில பேயி இருக்குன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. பயம் இல்லியா?"

அந்தப் பெண் சிரித்தாள். "அம்மா, இந்த ஊர்ல நான் ஏறாத படி இல்ல. எல்லா எடத்துலயும் மனுஷங்கதான் இருந்தாங்க. ஒருத்தரும் குடுக்கல. பேயி இருந்தா இருந்துட்டுப் போவுது. அது எங்கள எந்த ஊரு, என்னா ஆளுன்னு கேக்காதுல்ல?"

பூக்காரி முழம் போடுவதை நிறுத்திவிட்டாள். ஓனரம்மா உண்மையைத்தான் சொல்ல வேண்டும், சொல்வதற்கு அவரிடம் இருந்த உண்மையோ அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியதாக இல்லை. என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் கீரையைப் பார்க்கவில்லை.

"நல்ல பொண்ணாத்தான் தெரியுதும்மா. குடுங்க" என்றேன்.

"எப்ப வர்ற?" என்று அவளிடம் கேட்டார் ஓனரம்மா. ஏதோ பஸ்ஸில் சீட்டு விட்டுக்கொடுப்பவர் மாதிரி குரல்.

வெள்ளிக்கிழமை சாமான் வந்து இறங்கியது. அவளுடைய உம்மாவும் வந்தார். இதய நோயாளி என்று சொன்னார்களே ஒழிய, குரலைக் கேட்டால் அப்படித் தெரியாது. மாடியிலிருந்து அவர் பேசினால் சந்துமுனை டீக்கடைக்காரர் பதில் சொல்வார். வந்த மறுநாளே மேலே ஒரு சத்தம் கேட்டு ஓனரம்மா அலறியபோது, "நாந்தாம்மா, அம்மிய நகத்துறேன்" என்று மேலிருந்து குரல் வந்தது. அதற்கப்புறம் சந்தில் யாரும் பேயைப் பற்றிப் பேசவில்லை.

பெண் டாக்டர் மாதிரி ஒருத்தி வந்துவிட்டாள் என்றதும் ஓனரம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. முட்டியைத் தடவிக்கொண்டே படி ஏறினார். "கொஞ்சம் இதப் பாரேம்மா" என்றார். அவள் புன்னகை மாறாமல், "ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா, டோக்கன் போட்டு நல்லாப் பாக்கலாம். வூட்ல நான் வேலை பாக்குறதில்ல" என்றாள். ஓனரம்மா இறங்கி வந்து, "என்னா அதிகாரம் பாத்தியா?" என்றார் என்னிடம். மறு வாரம் போய் டோக்கன் போட்டார்.

ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு நான் போட்டிருந்தது பச்சைத் துப்பட்டா இல்ல. நீலம்."

கிளிப் என் கையிலிருந்து விழுந்தது.

"அன்னைக்கு வாசல்ல கீரைக்காரம்மாவும் நீங்களும்தான் நின்னீங்க. கீரைக்காரம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டுட்டேன்."

"கோவமா?" என்றேன்.

அவள் துணியை உதறிப் போட்டாள். "கதை நல்லாத்தான் இருந்துச்சு. உம்மாவுக்கு ரெண்டு தடவ படிச்சிக் காட்டுனேன். ஒண்ணுதான் புரியல. ஏன்க்கா என்னயச் சாகடிச்சிட்டீங்க? செத்தாத்தான் எனக்கு வூடு கிடைக்குமா?"

பேய்க் கதை என்றால் யாராவது செத்துத்தானே ஆக வேண்டும் என்று ஏதோ சொன்னேன். வாஷ்பேசின்காரர், பைக் பெண் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். என் கதைகளில் நியாயம் கேட்டவர்கள் அத்தனை பேரையும் முதலில் கொன்றுவிட்டுத்தான் கேட்க விட்டிருக்கிறேன். அவள் விழுந்த கிளிப்பை எடுத்துக் கொடுத்தாள்.

நான் எழுதுகிற விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உம்மாதான் சொன்னார். பெருநாளைக்கு எங்களையும் ஓனரம்மாவையும் மேலே கூப்பிட்டிருந்தார்கள். ஓனரம்மாவுக்கென்று தனியாக வெஜிடபிள் பிரியாணி. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உம்மா என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வச்சிக்கோ, கதை எழுதுற புள்ள, தெம்பு வேணும்ல. அந்த வூடு கதை மாதிரி இன்னொண்ணு எழுது" என்றார், டீக்கடை வரைக்கும் கேட்கிற குரலில்.

என் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு ஒளிவதற்கு அங்கே சமையலறை கிட்டத்தில் இல்லை. ஓனரம்மா என்னைப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான்கைந்து நாள் முகம் கொடுக்கவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லப் போகிறார் என்று அட்டைப்பெட்டிகூடத் தேடி வைத்தோம். ஒரு காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த வாத்தியாரும் அவர் சம்சாரமும் வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார். "கதையில பாத்திரம் கழுவுற சத்தம் வரும்ல, அதக் கேட்டப்போ எனக்கு அந்தப் பொண்ணு செருப்பு மாட்டுனதுதான் தெரிஞ்சுது. அவுங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா."

"ம்." கொஞ்ச நேரம் செல்போனை முன்னும் பின்னும் திருப்பினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காத. கடலூர்ல, திருப்பாதிரிப்புலியூர்ல எங்க நாத்தனாருக்கு மூணு வீடு இருக்கு. இந்த விஷயத்துல என்னயவிட ஜாஸ்தி அவ. முஸ்லிமுக்கு வீடு குடுத்துட்டேன்னு சொந்தத்துல எல்லாம் என்னயக் கிழிச்சித் தோரணம் கட்டுறா."

"ஐயோ."

"அங்க ஒரு பேய் போட முடியுமா?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நாத்தனார் வீட்டு கேட்டின் நிறம், வாசலில் இருக்கிற குரோட்டன்ஸ் செடி, மாடிப்படி எந்தப் பக்கம் என்று வரிசையாகச் சொன்னார். "ஆனா யாரையும் சாகடிச்சிடாத. நாத்தனாரயும்தான்" என்றார்.

அன்று பஸ்ஸில் ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. பி.முட்லூர் வருகிற வரைக்கும் போனை வெறுமனே கையில் வைத்திருந்தேன். எல்லோரும் உயிரோடு இருக்கிற ஒரு பேய்க் கதையை எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்து, ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுகிற இடத்திலிருந்து தட்ட ஆரம்பித்தேன். கடலூர் வருவதற்குள் அவள் மணியடித்து, உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறக்க வருகிற வரைக்கும் எழுதியிருந்தேன்.